கஞ்சா வழக்கில் வீட்டுப் பிள்ளை கைதானால்: ஜாமீனா, 180 நாள் காத்திருப்பா, விசாரணையா, ஒப்புக்கொள்வதா?

"தம்பியைக் கஞ்சா கேஸில் பிடித்துவிட்டார்கள். ஒரு வக்கீல் உடனே பெயில் போடலாம் என்கிறார். இன்னொருவர் ஆறு மாதம் பொறுங்கள் என்கிறார். கோர்ட் வாசலில் பார்த்த ஒருவர், ஒப்புக்கொண்டால் சீக்கிரம் முடிந்துவிடும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?"

தென்மாவட்டங்களில் போதைப்பொருள் வழக்குகளை நடத்தும் வக்கீல் நான். இந்தக் கேள்வி வராத வாரம் எனக்கு அபூர்வம். கேட்பவர் பெரும்பாலும் அம்மா, அக்கா, அல்லது கல்யாணமாகி ஒரு வருடம்கூட முடியாத மனைவி. கழுத்துச் சங்கிலி ஏற்கனவே அடகுக்குப் போயிருக்கும். இவர்களுக்குச் சொல்வதை எல்லோருக்குமாக எழுதிவைக்கலாம் என்றுதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒன்று. மேலே சொன்ன மூன்று யோசனைகளில் எது சரி என்பது வழக்கின் காகிதங்களில் இருக்கிறது. என்ன பொருள், எத்தனை கிலோ, யார் கையிலிருந்து எடுத்ததாக எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்காமல் யோசனை சொல்கிற யாரையும் நம்பாதீர்கள், நான் உட்பட.

## எதை வைத்து முடிவு செய்வது

இந்த வழக்குகள் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டத்தின் கீழ் வருகின்றன. கோர்ட்டில் எல்லோரும் என்டிபிஎஸ் என்றுதான் சொல்வார்கள். 2001 திருத்தத்துக்குப் பிறகு இந்தச் சட்டத்தில் தண்டனையையும் ஜாமீனையும் பெருமளவு தீர்மானிப்பது எடை. சிறு அளவு, வணிக அளவு, இரண்டுக்கும் இடைப்பட்ட அளவு என்று மூன்று படிகள்.

| பொருள் | சிறு அளவு (இதற்குக் குறைவாக) | வணிக அளவு (இதற்கு மேல்) |
|---|---|---|
| கஞ்சா | 1 கிலோ | 20 கிலோ |
| சரஸ் (கஞ்சாப் பிசின்) | 100 கிராம் | 1 கிலோ |
| அபின் | 25 கிராம் | 2.5 கிலோ |
| ஹெராயின் | 5 கிராம் | 250 கிராம் |
| கோகெய்ன் | 2 கிராம் | 100 கிராம் |
| மெத்தம்பெட்டமின் | 2 கிராம் | 50 கிராம் |
| எம்டிஎம்ஏ | 0.5 கிராம் | 10 கிராம் |

சிறு அளவுக்கு அதிகபட்சம் ஓராண்டு சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இடைப்பட்ட அளவுக்குப் பத்தாண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். ஆனால் இதற்குக் கீழ்வரம்பு கிடையாது. வணிக அளவுக்குக் குறைந்தபட்சமே பத்தாண்டு, அதிகபட்சம் இருபதாண்டு, அபராதம் ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சம். காரணத்தை எழுதி அதற்கு மேலும் அபராதம் விதிக்கலாம். 19 கிலோ கஞ்சாவுக்கு நீதிபதி இரண்டாண்டு கொடுக்க முடியும். 21 கிலோ என்றால் பத்தாண்டுக்குக் கீழே இறங்க அவருக்கு அதிகாரமே இல்லை. நடுவில் இருப்பது இரண்டே கிலோ.

அதனால் எடை எப்படிப் போடப்பட்டது என்பதைப் பறிமுதல் மகஜரில் (பொருளை எடுத்த விவரத்தைப் போலீஸ் எழுதும் காகிதம்) வரி வரியாகப் படியுங்கள். சாக்கு, பாலிதீன், செல்லோடேப்போடு சேர்த்து எடையா, பொருள் மட்டுமா? சட்டத்தில் கஞ்சா என்பது பூவும் காயும் உள்ள நுனிப் பகுதி. நுனி இல்லாமல் தனியாக இருக்கும் இலையும் விதையும் அதில் சேராது. வேரோடு பிடுங்கிய செடியை அப்படியே தராசில் வைத்திருந்தால் அது பெரிய விஷயம். இரண்டு பேரிடம் ஆளுக்கு ஒரு பை, 12 கிலோ வீதம் என்றால், சேர்த்து 24 என்று எழுதினார்களா, தனித்தனியாகவா என்று பாருங்கள். தூள், பவுடர் வகைகளில் மட்டும் இன்னொரு எச்சரிக்கை: கலப்படத்தைக் கழித்துவிட்டுச் சுத்தமான பொருளின் எடையை மட்டும் பார்க்க வேண்டும் என்ற வாதம் 2020இல் ஹீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதோடு முடிந்துபோனது. கலவையின் மொத்த எடையும் கணக்கு.

எடையைத் தவிர நான் பார்ப்பவை நான்கு. வெளியே வர எத்தனை நாள் ஆகும்? கடைசியில் தண்டனை வரும் வாய்ப்பு எவ்வளவு? வக்கீல் ஃபீஸைத் தாண்டி என்ன செலவு? எடுத்த முடிவைப் பிறகு மாற்ற முடியுமா? இந்தக் கடைசிக் கேள்வியைத்தான் குடும்பங்கள் மறந்துவிடுகின்றன.

## வழி ஒன்று: உடனே ஜாமீன் மனு

சிறு அளவும் இடைப்பட்ட அளவும் என்றால் யோசிக்க வேண்டாம், இந்த வழிதான். பிரிவு 37இன் கடுமையான நிபந்தனைகள் இந்த இரண்டுக்கும் பொருந்தாது. மற்ற கிரிமினல் வழக்குகளைப் போலவே பழைய வழக்கு உண்டா, ஓடிவிடுவாரா, விசாரணை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்த்து கோர்ட் முடிவு செய்யும். மதுரை, சென்னை, கோவை போன்ற இடங்களில் இதற்கென்றே சிறப்பு நீதிமன்றங்கள் உண்டு. அங்கே கிடைக்காவிட்டால் உயர் நீதிமன்றம். தென்மாவட்டம் என்றால் மதுரைக் கிளை.

வணிக அளவு என்றால் கதை வேறு. பிரிவு 37இன்படி அரசு வக்கீலுக்கு எதிர்ப்புத் தெரிவிக்க வாய்ப்புத் தர வேண்டும். அவர் எதிர்த்தால், இவர் குற்றம் செய்திருக்க மாட்டார் என்று நம்ப நியாயமான காரணம் இருக்கிறது, வெளியே போனாலும் குற்றம் செய்ய மாட்டார் என்ற இரண்டு விஷயத்திலும் நீதிபதிக்குத் திருப்தி வர வேண்டும். நிதியுதவி, அடைக்கலம் சம்பந்தப்பட்ட 27ஏ பிரிவைப் போட்டிருந்தால் எடை குறைவாக இருந்தாலும் இதே தடைதான். எஃப்ஐஆரில் அந்த எண் இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள்.

அப்படியும் வணிக அளவில் சீக்கிரமே ஜாமீன் கிடைக்கக்கூடிய வழக்குகள் உண்டு. கையில் எதுவும் பிடிபடாமல், உடன் பிடிபட்டவர் சொன்னார் என்பதற்காக மட்டும் சேர்க்கப்பட்டவர் முதல் வகை. 2020 அக்டோபரில் தோஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம், இந்தச் சட்டத்தில் விசாரணை செய்யும் அதிகாரிகளும் போலீஸ் அதிகாரிகளே என்றும், பிரிவு 67இன் கீழ் அவர்களிடம் கொடுத்த வாக்குமூலத்தை ஒப்புதல் வாக்குமூலமாகப் பயன்படுத்த முடியாது என்றும் சொன்னது. நம் ஊரிலிருந்து போன வழக்கு அது. ஐந்தாவது, ஆறாவது எதிரியாக (கோர்ட் மொழியில் குற்றம் சாட்டப்பட்டவர்) சேர்க்கப்பட்ட எத்தனையோ பேருக்கு அதுதான் இன்றைக்குப் பிடி. ஆனால் ஃபோன் அழைப்புப் பட்டியல், பணப் பரிமாற்றம் என்று வேறு ஆதாரமும் சேர்ந்தால் இந்தப் பிடி தளரும்.

இரண்டாவது வகை, பஸ்ஸில் மேலே அடுக்கில் இருந்த பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், வாடகைக்கு வந்த டிரைவர் போன்றவர்கள். பொருள் இருப்பது தெரிந்து வைத்திருந்தார் என்பது முக்கியம். மூன்றாவது, உடம்பைச் சோதனை போட்டு எடுத்த வழக்கு. கெஜட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னால் சோதனை செய்யும்படி கேட்க உனக்கு உரிமை இருக்கிறது என்று பிரிவு 50இன்படி சொல்லியிருக்க வேண்டும். 2010இல் விஜய்சிங் ஜடேஜா வழக்கில் இது கட்டாயம் என்று அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. ஆனால் பையிலிருந்து எடுத்தால் இந்தப் பாதுகாப்பு இல்லை. கஞ்சா பெரும்பாலும் பையிலும் சாக்கிலும்தான் பிடிபடுகிறது என்பதால், "பிரிவு 50 போட்டு உடைத்துவிடலாம்" என்று யாராவது சொன்னால் எங்கிருந்து எடுத்தார்கள் என்று திருப்பிக் கேளுங்கள்.

இந்த வழியில் வெளியே தெரியாத செலவு நிறைய. வணிக அளவு வழக்கில் காகிதமே கைக்கு வராமல் பத்தாம் நாள் ஒரு மனு போட்டுத் தள்ளுபடி ஆனால், அடுத்த மனுவில் "முன்பு தள்ளுபடி ஆனதற்குப் பிறகு என்ன மாறியது?" என்று கேட்பார்கள். ஒவ்வொரு மனுவுக்கும் ஃபீஸ் தனி. ஜாமீன் கிடைத்தாலும் சொத்துக் காகிதத்தோடு இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும். தினமும் காலை பத்தரை மணிக்குப் போய்க் கையெழுத்துப் போடு என்று கண்டிஷன் போடுவார்கள். தினக்கூலிக்குப் போகிறவருக்கு அந்த ஒரு கையெழுத்தே அன்றைய சம்பளத்தைத் தின்றுவிடும். ஒரு வாரம் போகாமல் விட்டால் ஜாமீனை ரத்து செய்ய மனு வரும்.

இன்னொன்றும் இருக்கிறது: குண்டர் சட்டம். தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டு 14ஆவது சட்டத்தில் போதைப்பொருள் குற்றவாளிகளும் வருகிறார்கள். கலெக்டரோ போலீஸ் கமிஷனரோ உத்தரவு போட்டால் 12 மாதம் வரை தடுப்புக் காவல். அந்த உத்தரவுகளில் அடிக்கடி பார்க்கும் வரி, "இவர் ஜாமீன் மனு போட்டிருக்கிறார், வெளியே வர வாய்ப்பிருக்கிறது" என்பது. ஏற்கனவே இரண்டு மூன்று வழக்கு உள்ளவருக்கு ஜாமீன் மனுவே இந்த உத்தரவை வரவழைத்துவிடலாம். அது வந்துவிட்டால் போராட வேண்டிய இடம் வேறு: அரசுக்கு முறையீடு, அறிவுரைக் கழகம், உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு. அதற்காக ஜாமீன் போடவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பழைய வழக்குகளை மறைக்காமல் முதல் நாளே வக்கீலிடம் சொல்லுங்கள், அவர் நேரம் பார்த்துப் போடுவார்.

## வழி இரண்டு: 180 நாள் காத்திருந்து ஸ்டேச்சுட்டரி பெயில்

குறித்த காலத்துக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால், உள்ளே இருப்பவருக்கு வெளியே வரும் உரிமை பிறக்கிறது. வணிக அளவு வழக்குக்கு அந்தக் காலம் 180 நாள் (பிரிவு 36ஏ(4)). இடைப்பட்ட அளவுக்கு, 2017இல் ராகேஷ் குமார் பால் வழக்கில் உச்ச நீதிமன்றம் காட்டிய கணக்குப்படி 60 நாள்.

இதன் அருமை என்னவென்றால், பிரிவு 37 இங்கே குறுக்கே வராது. குற்றம் செய்தாரா இல்லையா என்ற பேச்சே இல்லை. நாள் முடிந்ததா, குற்றப்பத்திரிகை வந்ததா, ஜாமீன்தாரர் தயாரா, அவ்வளவுதான். பொருள் ஆந்திராவிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்தது, எதிரிகள் பத்துப் பேர், பாதிப் பேர் தலைமறைவு என்றிருக்கிற வழக்கில் போலீஸ் நேரத்துக்கு முடிக்கத் திணறும். அப்படிப்பட்ட வழக்குக்கு இது நல்ல வழி. இடைப்பட்ட அளவில் முதல் மனு தள்ளுபடியானவரும் 60ஆம் நாளைக் காலண்டரில் வட்டம் போட்டு வைக்க வேண்டும்.

ஆனால் இந்த உரிமை தானாக வந்து கதவைத் திறக்காது. கேட்க வேண்டும். நாள் முடிந்த பிறகு, குற்றப்பத்திரிகை வருவதற்கு முன் மனு போட்டாக வேண்டும். அந்த இடைவெளி சில சமயம் ஒரே ஒரு காலைப் பொழுது. மனு போட்டுவிட்டால், அதன் பிறகு மதியமே குற்றப்பத்திரிகை வந்தாலும் உரிமை போகாது. சென்னையில் தொடங்கி உச்ச நீதிமன்றம் வரை போன எம்.ரவீந்திரன் என்கிற போதைப்பொருள் வழக்கில் 2020இல் இது தெளிவாகிவிட்டது. மனு போடாமல் இருந்து குற்றப்பத்திரிகை வந்துவிட்டால், ஆறு மாதம் உள்ளே இருந்ததற்கு ஒன்றும் மிஞ்சாது.

நாள் கணக்கில் ஏமாறாதீர்கள். கைது செய்த தேதியிலிருந்து எண்ணக் கூடாது, மாஜிஸ்திரேட் முதலில் ரிமாண்ட் செய்த தேதியிலிருந்து எண்ண வேண்டும். அந்த ரிமாண்ட் நாளையும் சேர்த்துத்தான் கணக்கு என்று 2023இல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. அதன்படி 181ஆம் நாள் காலை கோர்ட் திறக்கும்போது மனுவும் ஜாமீன்தாரரும் அங்கே இருக்க வேண்டும்.

மறைந்திருக்கும் ஆபத்து காலநீட்டிப்பு. 180 நாள் முடிவதற்குள், விசாரணை எதுவரை வந்திருக்கிறது, இவரை மேலும் உள்ளே வைக்கக் குறிப்பாக என்ன காரணம் என்று அரசு வக்கீல் அறிக்கை கொடுத்தால், கோர்ட் ஓராண்டு வரை நீட்டிக்கலாம். போலீஸ் கொடுத்த மனுவில் அரசு வக்கீல் கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பினால் போதாது. அவர் தன் மூளையைச் செலுத்தி எழுதியிருக்க வேண்டும். எதிரிக்குத் தெரியாமலும் நீட்டிக்கக் கூடாது. 170ஆம் நாளுக்கு மேல் வாரம் இரண்டு முறை உங்கள் வக்கீலோ குமாஸ்தாவோ கோர்ட்டில் விசாரித்துக்கொண்டே இருக்க வேண்டும். இதற்கும் சேர்த்துத்தான் ஃபீஸ் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

மிகப் பெரிய செலவை ஃபீஸ் கணக்கில் எழுத முடியாது. ஆறு மாதம் சம்பாதிக்கிறவர் இல்லாத வீடு அது. வாடகை, பள்ளிக்கூடக் கட்டணம், மனு போட்டுப் பார்க்கச் சிறைக்குப் போய்வரும் பஸ் காசு எல்லாம் சேரும். போதைப் பழக்கம் உள்ள பையன் என்றால் உள்ளே போன முதல் சில வாரம் உடம்பு படாத பாடு படும். சிறை மருத்துவரிடம் காட்டச் சொல்லி மாஜிஸ்திரேட்டிடம் மனு கொடுக்கலாம். இதை யாரும் சொல்லித் தருவதில்லை.

## வழி மூன்று: விசாரணையை நின்று நடத்துவது

உண்மையிலேயே செய்யாதவருக்கு இது ஒன்றுதான் முழு விடுதலை தரும் வழி. செய்தவர் என்றாலும், சட்டம் சொன்ன முறையில் பிடித்தார்களா என்று கேட்கும் உரிமை அவருக்கு உண்டு.

இந்தச் சட்டத்தில் எதிரிக்குப் பாதகமான இரண்டு அனுமானங்கள் இருக்கின்றன. பொருள் உன்னிடம் இருந்தது என்று நிரூபித்துவிட்டால், தெரிந்துதான் வைத்திருந்தாய் என்று பிரிவு 35ம் 54ம் எடுத்துக்கொள்ளும். மறுத்து நிரூபிப்பது உன் வேலை. ஆனால் 2008இல் நூர் ஆகா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, அடிப்படை உண்மைகளை முதலில் அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். வழக்குகள் நிற்பதும் விழுவதும் அங்கேதான்.

வீட்டுக்குள் புகுந்து எடுத்தால், கிடைத்த தகவலை எழுதி வைத்து 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு அனுப்பினார்களா (பிரிவு 42)? ராத்திரியில் வாரண்ட் இல்லாமல் புகுந்திருந்தால் அதற்கான காரணத்தை எழுதினார்களா? கைதுக்கும் பறிமுதலுக்கும் பிறகு 48 மணி நேரத்துக்குள் முழு அறிக்கை போனதா (பிரிவு 57)? எடுத்த பொருள், முத்திரை, ஆய்வகத்துக்குப் போன மாதிரி எல்லாம் ஒரே பொருள்தானா, நடுவில் எத்தனை நாள் யார் அலமாரியில் இருந்தது? ரோட்டில் பிடித்ததாக எழுதிய நேரத்துக்கு அந்தப் போலீஸ்காரரின் ஃபோன் எந்த டவரில் இருந்தது?

பிரிவு 52ஏ பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கைப்பற்றிய பொருளைப் பட்டியல் போட்டு மாஜிஸ்திரேட் முன்னிலையில் மாதிரி எடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். சம்பவ இடத்திலேயே மாதிரி எடுத்த வழக்குகளில் இதை வைத்து விடுதலை கிடைத்திருக்கிறது. 2023இல் சிம்ரன்ஜித் சிங் வழக்கு அப்படி ஒன்று. ஆனால் 2024 டிசம்பரிலும் 2025 ஜனவரியிலும் வந்த தீர்ப்புகளில் உச்ச நீதிமன்றம், 52ஏ குறைபாடு மட்டுமே வழக்கை வீழ்த்திவிடாது, மற்ற சாட்சியம் நம்பும்படி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. பழைய தீர்ப்பைக் காட்டி "கேஸ் உடைந்துவிட்டது, கவலை வேண்டாம்" என்கிற வக்கீலிடம் புதியதையும் படித்தாரா என்று மரியாதையோடு கேளுங்கள்.

இந்த வழியின் விலை காலம். வெளியே இருந்துகொண்டு நடத்தினால் தாங்கலாம். உள்ளே இருந்தபடியே வாய்தா வாய்தாவாக இழுத்தால் ஆண்டுகள் ஓடும். ஆனால் அதற்கும் ஒரு கதவு உண்டு. 2023 மார்ச்சில் முகமது முஸ்லிம் வழக்கில், ஏழாண்டுக்கு மேல் உள்ளே இருந்தவருக்கு உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. விசாரணை நியாயமின்றி நீளும்போது பிரிவு 37 அதற்குத் தடையாக நிற்காது என்றது. அதே ஆண்டு ரபி பிரகாஷ் வழக்கில் மூன்றரை ஆண்டுக்கு மேல் இருந்தவருக்கும் கிடைத்தது. இந்தக் கதவு திறக்க ஒரு நிபந்தனை: தாமதம் உங்களால் வந்ததாக இருக்கக் கூடாது. சாட்சி வந்து நின்ற நாளில் உங்கள் வக்கீல் வாய்தா கேட்டால் அது கோர்ட் பதிவேட்டில் ஏறும். மூன்றாண்டு கழித்து அரசு வக்கீல் அந்தப் பக்கத்தைத்தான் திருப்பிக் காட்டுவார்.

போலீஸ் அல்லாத தனிச்சாட்சி பிறழ்சாட்சியாகிவிட்டால் ஜெயித்துவிட்டோம் என்று நினைப்பவர்கள் பலர். போலீஸ் சாட்சியம் நம்பும்படி இருந்தால் அது மட்டுமே போதும் என்று கோர்ட்டுகள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. சாட்சியைக் கலைப்பதற்கென்று யாராவது பணம் கேட்டால் ஒரு பைசா கொடுக்காதீர்கள். அது தனிக் குற்றம். அந்தப் பணத்தில் ஒரு நல்ல குறுக்கு விசாரணை நடத்தலாம்.

## வழி நான்கு: ஒப்புக்கொள்வது

சிறு அளவு வழக்கில், பொருள் உண்மையிலேயே இருந்தது, ஏற்கனவே சில வாரம் உள்ளே இருந்தாயிற்று, வேறு வழக்கு இல்லை என்றால், ஒப்புக்கொண்டு அபராதம் கட்டி முடித்துக்கொள்வது சிலருக்கு நியாயமான முடிவு. உள்ளே இருந்த நாள் தண்டனையில் கழியும். அதன் விலையைத் தெரிந்து கொடுக்க வேண்டும்: அது தண்டனைப் பதிவு. அரசு வேலை, போலீஸ் சரிபார்ப்பு, வெளிநாட்டு விசா என்று எங்கே போனாலும் கூடவே வரும். மறுபடி அதே அளவு தண்டனை உள்ள குற்றத்தில் தண்டனை வந்தால் பிரிவு 31இன்படி அதிகபட்சத் தண்டனை ஒன்றரை மடங்காகும். இருபது வயதுப் பையனுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

இடைப்பட்ட அளவில் கீழ்வரம்பு இல்லாததால் நீதிபதிக்கு விருப்புரிமை உண்டு. முதல் வழக்கு, எடை 2 கிலோவுக்குப் பக்கம், ஓராண்டுக்கு மேல் உள்ளே இருந்தாயிற்று என்றால் வக்கீலோடு உட்கார்ந்து பேசலாம். ஆனால் எத்தனை ஆண்டு என்று யாராலும் உறுதி தர முடியாது. ஏழாண்டுக்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களுக்குச் சட்டப்படியான பேரம் பேசும் முறையும் கிடையாது.

வணிக அளவில் ஒப்புக்கொள்ளாதீர்கள். இதை நான் தயங்காமல் சொல்வேன். "ஒப்புக்கொண்டால் மூணு வருஷத்தில் வந்துவிடலாம்" என்ற பேச்சு சிறைக்குள்ளேயே சுற்றுகிறது. பத்தாண்டுக்குக் கீழே கொடுக்க எந்த நீதிபதிக்கும் சட்டத்தில் இடமில்லை. பிரிவு 32ஏ தண்டனைக் குறைப்பையும் தடுக்கிறது. தலைவர்கள் பிறந்தநாளில் மற்ற கைதிகளை முன்கூட்டியே விடும்போதும் இவர் உள்ளேதான் இருப்பார். வயது வந்தவருக்கு நன்னடத்தை அடிப்படையில் விடுவதும் கிடையாது. அபராதம் கட்ட முடியாவிட்டால் அதற்குத் தனியாக மேல்சிறை. ஒப்புக்கொண்ட பிறகு மேல்முறையீட்டில் பேசவும் பெரிதாக ஒன்றும் இருக்காது. மற்ற மூன்று வழிகளில் எதில் தோற்றாலும் அடுத்த படி ஒன்று இருக்கும், இதில் மட்டும் அப்படி ஒன்று இருக்காது.

## வழி ஐந்து: சிகிச்சை

இதைக் கேட்டு வருகிறவர் மிகக் குறைவு, அதுதான் என் வருத்தம். போதைக்கு அடிமையானவர்மேல் பிரிவு 27 (உபயோகித்தது) அல்லது சிறு அளவு வழக்கு இருந்தால், அவர் தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அங்கீகரிக்கப்பட்ட மையத்திலோ சிகிச்சை எடுத்துக்கொண்டால், பிரிவு 64ஏ வழக்கு நடவடிக்கையிலிருந்தே விலக்குத் தருகிறது. குற்றவாளி என்று தீர்மானித்த பிறகும்கூட, உடனே சிறைத் தண்டனை விதிப்பதற்குப் பதிலாகச் சிகிச்சைக்கு அனுப்ப பிரிவு 39 கோர்ட்டுக்கு அதிகாரம் தருகிறது.

சிகிச்சையை முழுதாக முடிக்க வேண்டும். பாதியில் விட்டால் விலக்கு போய்விடும். பழக்கம் உண்டு என்று ஒப்புக்கொண்டுதான் இந்த வழிக்குள் நுழைய முடியும் என்பதால், பழக்கமே இல்லாத பையனை இதில் தள்ளக் கூடாது. பெரிய அளவு வழக்குக்கு இது உதவாது. ஆனால் கால் கிலோவோடு பிடிபட்ட, கை நடுங்கிக்கொண்டிருக்கிற பையனுக்கு ஜாமீனைவிட இதுதான் முதலில் வேண்டியது. வெளியே வந்த மறுநாளே பழைய கூட்டாளியிடம் போய் நிற்கிற பையனுக்கு ஜாமீன் வாங்கிக் கொடுத்து என்ன பயன்? போதை மீட்பு உதவி எண் 14446.

## வீட்டுக்கும் வண்டிக்கும் வரும் கேடு

எந்த வழியில் போனாலும் இவை இரண்டும் கூடவே வரலாம். பத்தாண்டோ அதற்கு மேலோ தண்டனை வரக்கூடிய வழக்குகளில், சட்டவிரோதப் பணத்தில் வாங்கியது என்று கருதும் சொத்தையும் வங்கிக் கணக்கையும் முடக்கலாம். உறவினர் பெயரில் இருப்பதும் சேரும். அந்த உத்தரவை உரிய அதிகாரி 30 நாளுக்குள் உறுதி செய்யாவிட்டால் செல்லாது. அம்மாவின் கணக்கில் இருப்பது மகளிர் குழுக் கடன் என்றால் பாஸ்புத்தகம், குழு ரசீது எல்லாவற்றையும் அன்றே எடுத்து வையுங்கள்.

வண்டி பிடிபட்டிருந்தால், உரிமையாளர் தனக்குத் தெரியாது என்றும் தகுந்த எச்சரிக்கையோடுதான் இருந்தேன் என்றும் காட்டினால் மீட்கலாம். வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. இடைக்காலமாக வண்டியைத் திருப்பித் தர இந்தச் சட்டத்தில் தடை இல்லை என்று 2025 ஜனவரியில் பிஸ்வஜித் தே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மழையிலும் வெயிலிலும் ஸ்டேஷன் வாசலில் துருப்பிடிக்கும் ஆட்டோவுக்கு மாதத் தவணை கட்டிக்கொண்டிருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

## தனி வக்கீலா, இலவச வக்கீலா

காவலில் இருக்கிற யாருக்கும், வருமானம் எவ்வளவு என்றாலும், 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி இலவச வக்கீல் உரிமை உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும். தொலைபேசி எண் 15100. இலவசம் என்றால் ஏனோதானோ என்று நினைக்க வேண்டாம். இந்தக் கோர்ட்டிலேயே தினமும் நிற்கிற, 180ஆம் நாளை மறக்காத இலவச வக்கீல், எப்போதாவது ஒரு முறை இந்தச் சட்டத்தைத் தொடுகிற பெரிய பெயரைவிட மேல். தனி வக்கீலின் பலம், உயர் நீதிமன்றம் வரை ஒரே ஆள் தொடர்ந்து வருவதும், நீங்கள் அழைத்தால் எடுப்பதும். மனுவுக்கு எவ்வளவு, விசாரணைக்கு எவ்வளவு, உயர் நீதிமன்றத்துக்கு எவ்வளவு என்று பிரித்துக் கேட்டு எழுதி வாங்குங்கள். "ஜட்ஜைத் தெரியும்" என்று சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

யாரிடம் போனாலும் முன்பணம் கொடுக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். எஃப்ஐஆர், பறிமுதல் மகஜர், ரிமாண்ட் அறிக்கை மூன்றின் நகலும் பார்த்துவிட்டாரா? எடை எந்தப் படியில் வருகிறது, 27ஏ அல்லது 29 (உடந்தை, கூட்டுச்சதி) போட்டிருக்கிறார்களா? 60ஆவது அல்லது 180ஆவது நாள் எந்தத் தேதியில் முடிகிறது? மூன்றுக்கும் காகிதத்தைப் பார்த்துப் பதில் சொல்கிறவரிடம் வழக்கைக் கொடுங்கள். அந்தத் தேதியை வீட்டுக் காலண்டரிலும் எழுதிவையுங்கள்.